ராத்திரி மூணு மணிக்குப் பேசாத போன்

கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும் சென்சாருக்கு எந்த போன் பொருந்தும் என்ற கேள்வி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. ஆடித் தள்ளுபடியில் போன் வாங்கி, கண்ணாடி ஒட்டி, கவர் போட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். பிறகு ஒரு நாள் டாக்டர், சென்சார் ஒட்டிப் பார்க்கலாம் என்பார். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான், அந்த ஆப் ‘இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்று பிளே ஸ்டோர் சொல்வது தெரியும். அல்லது ஆப் இறங்கிவிடும். சென்சார் மேல் போனை எத்தனை முறை வைத்தாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்த மாடலில், அருகில் வைத்ததும் தகவலைப் படிக்கும் என்எஃப்சி சில்லே இல்லை. இரண்டும் எரிச்சலூட்டுபவை. ஆனாலும் இவற்றை நல்ல தோல்விகள் என்பேன். ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. மோசமான தோல்வி வேறு வகை. ஆப் இறங்கும், சென்சார் இணையும், எண் வரும், அம்புக்குறி வரும், பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பதினோராம் நாள் விடியற்காலை சுகர் 58-க்கு இறங்கும்போது போன் மட்டும் வாய் திறக்காது.

இந்த இரண்டாம் வகையைப் பற்றிப் போன் கடையில் கேட்டால் பதில் கிடைக்காது. யூடியூப் விமர்சனங்களிலும் இருக்காது. கேமரா, திரை, விளையாட்டு, சார்ஜ் ஏறும் வேகம் எல்லாமே போன் கையில் இருக்கும்போது, திரை எரியும்போது சோதிக்கப்படுபவை. சென்சாருக்கான போன் வேலை செய்ய வேண்டிய நேரமோ அதை யாரும் தொடாத நேரம். திரை அணைந்து, தலைமாட்டில் ஆறு மணி நேரம் சும்மா கிடக்கும்போது, ஒரு ஆப் பின்னணியில் சாகாமல் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ‘இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்’ என்று பெருமையாக விற்கப்படும் பல போன்கள் அந்தப் பெருமையை ஓரளவு சம்பாதிப்பதே பின்னணியில் ஓடும் ஆப்களை மூடித்தான். விளம்பரத்தில் தகுதியாக வரும் குணம் இந்த ஒரு வேலைக்குக் குறையாகிவிடுகிறது.

எல்லோருக்கும் இது தலைபோகிற விஷயமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர், எந்த இட்லி எவ்வளவு ஏற்றுகிறது என்று பதினான்கு நாள் பார்க்க விரும்பினால், சென்சாரைப் படிக்கத் தெரிந்த எந்த போனும் போதும். அவருக்கு இரவில் ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு குறைவு. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், டைப் 1 நீரிழிவுக் குழந்தைகளின் பெற்றோர், சர்க்கரை குறைந்து லோ ஆகும்போது வியர்வையோ நடுக்கமோ இல்லாமல் நேராக மயக்கத்துக்குப் போய்விடும் பழைய நோயாளிகள் ஆகியோருக்குத்தான் அலாரம் உயிர்நாடி. கீழே எழுதுவது முக்கியமாக அவர்களுக்கு.

தொட்டுப் படித்த காலம், கூப்பிடும் காலம்

இந்தியாவில் நெடுநாள் புழங்கிய அபாட் நிறுவனத்தின் முதல் தலைமுறை லிப்ரே சென்சாரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் புளூடூத் கிடையாது. 15 நிமிடத்துக்கு ஒரு எண்ணாக எட்டு மணி நேரத்துக் கணக்கைச் சென்சார் தன்னிடம் வைத்திருக்கும். போனையோ அதற்கென்றே உள்ள ரீடர் கருவியையோ அருகில் கொண்டுபோனால் என்எஃப்சி வழியாக மொத்தத்தையும் கொட்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடாமல் விட்டால் பழைய கணக்கு அழிந்துபோகும், வரைபடத்தில் ஓட்டை விழும். அதில் குறைகள் பல. ஆனால் ஒரு நேர்மை இருந்தது: போய்க் கேட்டால்தான் பதில் வரும். போன் சரியில்லை என்றால் கேட்ட அந்தக் கணமே தெரிந்துவிடும். ‘சென்சார் என்னைக் காப்பாற்றும்’ என்று யாரும் நம்பித் தூங்கவில்லை. அது காப்பாற்றுவதாகச் சொல்லவும் இல்லை.

லிப்ரே 2-ல் புளூடூத் வந்தது. லிப்ரே 3 நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை அனுப்புகிறது. இன்னொரு நிறுவனமான டெக்ஸ்காமின் ஜி6, ஜி7 சென்சார்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. எல்லை தாண்டினால் போன் அலறும். இதை வசதி கூடியதாக மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். என் பார்வையில் போனின் வேலையே அன்று மாறிவிட்டது. அதுவரை கணக்குப்பிள்ளையாக இருந்தது இரவுக் காவலாளியாயிற்று. கணக்குப்பிள்ளை தூங்கினால் கணக்குதான் தாமதமாகும். காவலாளி தூங்கினாலோ, ‘ஒரு சத்தமும் இல்லை, எல்லாம் நலம்’ என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். போன் அமைதியாக இருப்பதற்கு இப்போது இரண்டு பொருள்: சர்க்கரை நன்றாக இருக்கிறது, அல்லது போன் விழித்தே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

‘சிக்னல் போனால் அதற்கும் அலாரம் உண்டே’ என்பார்கள். உண்டு. லிப்ரேயில் 20 நிமிடம் தகவல் வராவிட்டால் சிக்னல் இழப்பு எச்சரிக்கை வரும். சென்சாரோடு இணைப்பு அறுந்ததை அது சொல்லும். சரிதான், ஆனால் அந்த எச்சரிக்கையை எழுப்ப வேண்டியதும் அதே போனில் ஓடும் அதே ஆப்தான். ஆப்பையே போன் மூடிவிட்டால் அதை நம்பியிருக்க முடியாது. போன் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். ராம், பிராசஸர், விலை எல்லாம் இதற்குக் கீழ்ப்பட்டவை.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. போனோடு இணையும் நீரிழிவுச் சாதனங்களில் முக்கியமான அலாரங்கள் வராமலோ கேட்காமலோ போனதாகப் பயனர்கள் தெரிவித்ததை அதில் சொன்னார்கள். காரணங்களாகக் காட்டியவை அன்றாடச் சங்கதிகள்: அறிவிப்பு அமைப்பு மாறியிருப்பது, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டது, புதிதாக ஒரு புளூடூத் ஹெட்போனையோ காரையோ இணைத்ததில் ஒலி அமைப்பு மாறிப்போனது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்து வையுங்கள், மாதம் ஒரு முறையாவது அலாரம் அமைப்புகளைச் சரிபாருங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. தனி ரீடர் வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. அதே 2025-ல் டெக்ஸ்காமின் தனி ரீடர்களான ரிசீவர்கள், ஒலிபெருக்கிக் கோளாறால் அலாரம் ஒலிக்காமல் போகலாம் என்று லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன.

எந்த போன் என்றால்

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் சென்சார், பிறகு போன், கடைசியில் வாட்ச். எந்தச் சென்சார் உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்கும், எதற்கு மருத்துவர் பழக்கப்பட்டிருக்கிறார் என்று முடிவு செய்த பிறகு, அந்த நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியலை எடுங்கள். அபாட், டெக்ஸ்காம் இரண்டுமே எந்தெந்த போன் மாடலை எந்த இயங்குதளப் பதிப்போடு சோதித்தார்கள் என்று வெளியிடுகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியல்களில் சாம்சங்கும் கூகுள் பிக்சலும்தான் அடிக்கடி தென்படும். பட்டியலில் இல்லாத போனில் ஓடவே ஓடாது என்பதில்லை. நிறைய பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் ஏதாவது தவறினால் உதவி எண்ணில் கிடைக்கும் முதல் பதில் ‘உங்கள் மாடல் சோதிக்கப்பட்டதல்ல’ என்பதாகத்தான் இருக்கும்.

பட்டியலில் மாடல் பெயர் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஒரே தொடரின் போன் ஐரோப்பாவில் என்எஃப்சியோடும் இந்தியாவில் அது இல்லாமலும் விற்கப்படுவது சாதாரணம். ரெட்மி நோட் 8 இங்கே என்எஃப்சி இல்லாமல் வந்தது. ஐரோப்பாவில் 8டி என்று ஒரு டி சேர்த்து என்எஃப்சியோடு விற்றார்கள். வெளிநாட்டு இணையதளத்தின் விவரப் பட்டியலைப் பார்த்து வாங்கிவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனை வாங்கி, அமைப்புகளில் தேடல் பெட்டியில் என்எஃப்சி என்று தட்டிப் பாருங்கள். ஒரு நொடி வேலை. லிப்ரே 3 போல நேரம் முழுக்க புளூடூத்தில் ஓடும் சென்சாருக்கும், ஒட்டியதும் உயிர் கொடுக்க என்எஃப்சி வேண்டும். டெக்ஸ்காம் அதைக் கேட்பதில்லை. ஜி7-ல் சென்சாரோடு வரும் நான்கு இலக்க எண்ணைத் தட்டினால் இணைந்துவிடும். ஐபோனில் சென்சாரைப் படிக்கும் என்எஃப்சி 7-வது மாடலிலிருந்தே உண்டு, ஆண்டெனா மேல் விளிம்பில் இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் முதுகில் கேமராவுக்குப் பக்கத்திலோ நடுவிலோ இருக்கும். ‘ஸ்கேன் ஆகவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை ஆண்டெனா இல்லாத இடத்தைச் சென்சாரில் வைத்ததால் வருபவைதான். இன்னொரு குற்றவாளி ஃபிளிப் கவர். அதன் மடிப்பில் வங்கி அட்டையும் மெட்ரோ அட்டையும் செருகியிருப்பார்கள். அவையும் என்எஃப்சிதான், போன் சென்சாரை விட்டுவிட்டு அட்டையோடு பேசிக்கொண்டிருக்கும்.

ராம் 6 ஜிபிக்குக் குறைய வேண்டாம் என்பது என் கணக்கு. சென்சார் ஆப்புக்கே அவ்வளவு தேவை என்பதால் இதைச் சொல்லவில்லை. 3, 4 ஜிபி போன்களில் பேரன் ஒரு விளையாட்டைத் திறந்தால் இடம் போதாமல் பின்னணியில் இருப்பதை இயங்குதளம் தூக்கி எறிந்துவிடும். அதைவிட முக்கியம் அந்த நிறுவனத்தின் மின்சிக்கன முறை. சியோமி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் இது கடுமை. வாங்கியே ஆகிவிட்டது என்றால் கைவிட வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவைக்க வேண்டும். சியோமியில் ஆப் விவரத்துக்குள் போய் ஆட்டோ ஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரி சேவரில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைத்து, சமீபத்திய ஆப்கள் திரையில் அந்த ஆப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுக் குறியைப் போட வேண்டும். ஓப்போவிலும் ரியல்மியிலும் தானாகத் தொடங்கவும் பின்னணியில் இயங்கவும் தனித்தனி அனுமதி. விவோவில் பின்னணியில் அதிக மின்சாரம் எடுக்க விடும் பட்டியலில் சேர்க்க வேண்டும். சாம்சங்கில் பேட்டரி, பின்னணிப் பயன்பாட்டு வரம்புகள் என்று போனால் ‘ஒருபோதும் உறங்காத ஆப்கள்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் சேர்த்தால் பெரும்பாலும் போதும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக, ‘பயன்படுத்தாத ஆப்பின் செயல்பாட்டை நிறுத்து’ என்ற விசையை அந்த ஆப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

அனுமதிகளில் ஒன்றைப் பலர் சந்தேகத்தோடு மறுத்துவிடுகிறார்கள்: இருப்பிடம். சர்க்கரை பார்க்கிற ஆப்புக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று ஏன் தெரிய வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆண்ட்ராய்டு 11 வரை அருகிலுள்ள புளூடூத் சாதனங்களைத் தேட இருப்பிட அனுமதி கட்டாயம். 12-லிருந்துதான் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்தது. மறுத்தால் அலாரம் வேலை செய்யாது. அடுத்தது, தொந்தரவு செய்யாதே நிலையைத் தாண்டி ஒலிக்கும் அனுமதி. ஐபோனில் இதற்கு அவசர எச்சரிக்கை என்று தனி விசை. சைலன்ட்டில் இருந்தாலும் ஃபோகஸில் இருந்தாலும் ஒலிக்கும். ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது வரும் அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று அவசரத்தில் தட்டியவர்கள், அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய்த் திரும்ப இயக்க வேண்டும்.

ஐபோன்காரர்களும் மிகவும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அங்கே ஆப்பைத் தானாகச் சாகடிக்கும் தொல்லை குறைவு, ஆனால் நாமே சாகடிக்கிறோம். திரையில் விரலால் மேலே தள்ளி எல்லா ஆப்பையும் மூடும் பழக்கம் நம்மூரில் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. தள்ளி மூடிய ஆப்பை புளூடூத் தகவல் வந்தாலும் ஐஓஎஸ் மறுபடி எழுப்பாது. நீங்கள் திறக்கும் வரை அது கிடையாது. ஆண்ட்ராய்டில் ‘எல்லாவற்றையும் அழி’ பொத்தான் பல போன்களில் இதே வேலையைச் செய்கிறது. ‘போன் ஸ்லோவா இருக்குப்பா, எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டுப் படுங்க’ என்று மகனோ மருமகளோ அன்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அப்பாவுக்குச் சென்சார் ஒட்டும் அன்றே அந்தப் பாடத்தை வாபஸ் வாங்க வேண்டும்.

புதுப்பிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற எல்லா விஷயத்திலும் போனை உடனுக்குடன் புதுப்பிப்பது நல்லது. சென்சார் போனில் மட்டும், பெரிய பதிப்பு மாறும்போது பொறுத்திருங்கள். 2023-ல் ஐஓஎஸ் 17 வந்தபோது, அதன் ஸ்டாண்ட்பை நிலை அலாரத்தைப் பாதிக்கலாம், அதை அணைத்து வையுங்கள் என்று அபாட் தன் பயனர்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, பொருத்தப் பட்டியலில் புதிய பதிப்பின் பெயர் வந்த பிறகு ஒரு பகல் நேரத்தில் புதுப்பியுங்கள். படுக்கப் போகும் முன் வேண்டாம்.

போனை மாற்றும் நாளும் யோசித்து வைக்க வேண்டியது. முதல் லிப்ரேயும் லிப்ரே 2-ம் தொடங்கிவைத்த போனோடு கட்டுண்டவை. ஆப்பை நீக்கினாலோ போன் தொலைந்தாலோ மீதமுள்ள நாட்கள் போயின; சென்சாரோடு பணமும் போயிற்று. தனி ரீடர் இருந்தால் முதலில் ரீடரில் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் போனிலும் ஸ்கேன் செய்துவிட்டால் இரண்டிலும் படிக்கலாம். ஆனால் அலாரம் எதில் தொடங்கினோமோ அதில்தான் ஒலிக்கும் என்பதை மறக்கக் கூடாது. லிப்ரே 3-ல் அதே கணக்கில் நுழைந்து மறுபடி ஸ்கேன் செய்தால் புதிய போன் ஏற்றுக்கொள்ளும். ஜி7-க்கு அந்த நான்கு இலக்க எண் திரும்பத் தேவைப்படும். ஒட்டுகிற அன்றே எழுதிவைத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த எண் அச்சிட்டிருக்கும் அப்ளிகேட்டர், அதாவது சென்சாரை ஒட்டும் கருவி, அன்று மாலையே குப்பைக்குப் போய்விடும். எப்படியானாலும் புதுப் போனைச் சென்சார் முடிகிற நாளில் மாற்றுவதே உத்தமம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டி நிறையச் சென்சார் வாங்கி வருவதுண்டு. அமெரிக்காவில் வாங்கிய லிப்ரேயை இந்திய ஆப் ஏற்காது. சென்சாரும் ஆப்பும் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இருப்பவரின் திரையில் 6.5 என்று தெரிந்தால் பதற வேண்டாம், அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம்மூர் 117.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று பட்டியலுக்குப் பொருந்தினால் நான் சொல்லும் தீர்வு இன்னும் எளிது: அதையே சென்சாருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். விளையாட்டு இல்லை, வாட்ஸப் இல்லை, ஹெட்போன் இணைப்பதில்லை, க்ளியர் பண்ண யாரும் இல்லை. சிம் கூட வேண்டாம். கணக்கில் நுழைய வீட்டு வைஃபை போதும், அலாரத்துக்கோ இணையமே தேவையில்லை, புளூடூத் மட்டும் போதும். இரண்டு போன் சுமக்க வேண்டுமே என்பது உண்மையான குறைதான். அதிகம் வெளியே போகாத வயதானவர்களுக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கையில் கட்டியது கண்ணாடி மட்டுமே

வாட்ச் பக்கம் வருவோம். முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடலாம். ஊசி இல்லை, சென்சார் இல்லை, மணிக்கட்டில் கட்டினால் சர்க்கரை காட்டும் என்று இணையக் கடைகளில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் வாட்ச்களும் மோதிரங்களும் ஏமாற்று. அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் தெளிவாகவே சொன்னது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. உறவினர் அன்பளிப்பாகத் தந்திருந்தால் மணி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வாட்ச்களில் பெரும்பாலானவை சென்சாரோடு பேசுவதே இல்லை. சென்சார் போனோடு பேசுகிறது, போன் வாட்சுக்குச் சொல்கிறது. போன் செத்தால் வாட்சும் ஊமை. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் பூங்காவில் நடக்கிறவர் மணிக்கட்டில் 124 என்று தெரியலாம். அது புறப்படும்போது இருந்த 124. எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று காட்டாத வாட்ச் முகப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்பிள் வாட்சின் முகப்பில் மூலையில் வைக்கும் சிறு எண்ணும் இப்படிப் பின்தங்கக்கூடியதே, ஏனென்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு இயங்குதளம் வரம்பு வைத்திருக்கிறது. கார்மினில் டெக்ஸ்காம் எண் தெரியும். அது இணையம் சுற்றி வருவது, பார்க்க மட்டும், அலாரத்துக்கு அல்ல.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் அமெரிக்காவில் டெக்ஸ்காம் ஜி7 நேரடியாக ஆப்பிள் வாட்சோடு இணையும் வசதி வந்தது. சீரிஸ் 6 அல்லது அதற்குப் பிந்தைய வாட்ச், வாட்ச்ஓஎஸ் 10 வேண்டும். போன் வீட்டில் இருந்தாலும் மணிக்கட்டில் எண்ணும் அலாரமும் வரும். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் போனை வைக்க முடியாதவர்களுக்கும் பள்ளியில் போன் அனுமதிக்கப்படாத பிள்ளைகளுக்கும் இது பெரிய விடுதலை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு எண் போக வேண்டுமென்றால் போன் அருகில் இருந்தாக வேண்டும். பள்ளிப் பிள்ளையின் விஷயத்தில் இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

ஆண்ட்ராய்டு போனோடு ஆப்பிள் வாட்ச் சேராது. சாம்சங் கேலக்சி வாட்ச் 4-ம் அதற்குப் பிறகு வந்தவையும் ஐபோனோடு சேரா. அதனால்தான் வாட்சை வரிசையில் கடைசியில் வைத்தேன். மணிக்கட்டில் கட்டும் விலை மலிந்த ஃபிட்னஸ் பட்டைகளும் ஒரு வழிதான்: போனில் வரும் அறிவிப்பை அதிர்வாகத் தரும். அங்கே மறக்கப்படுவது, பட்டைக்கென்று ஓர் ஆப் இருக்கிறது, அதற்கும் அதே ஆட்டோ ஸ்டார்ட், அதே பேட்டரி விலக்கு எல்லாம் தேவை. சென்சார் ஆப் உயிரோடு இருந்து பட்டை ஆப் செத்திருந்தால் மணிக்கட்டில் ஒன்றும் வராது. பட்டைக்குள்ளேயே தூக்க நேரத்து மௌனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது போக, இரண்டு நொடி அதிர்வு எழுப்பாத ஆழ்ந்த தூக்கக்காரர்கள் நிறைய. ஆப்பிள் வாட்சுக்கோ வேறு சிக்கல்: சீரிஸ் 10 வரையிலான சாதாரண மாடல்களுக்கு நிறுவனமே சொன்ன சார்ஜ் 18 மணி நேரம். ஆகவே அது எப்போது சார்ஜரில் கிடக்கும்? இரவில். காவல் தேவைப்படும் நேரத்தில் காவலாளி சாப்பிடப் போய்விடுகிறார். குளிக்கும்போதும் இரவுச் சாப்பாட்டின்போதும் சார்ஜ் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தால் மட்டும் இரவு அலாரத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

படுக்கையறையில்

போன் எங்கே கிடக்கிறது என்பதும் பொருத்தத்தில் ஒரு பகுதிதான். லிப்ரே 2, ஜி6-க்குச் சொல்லப்படும் தூரம் 6 மீட்டர், லிப்ரே 3, ஜி7-க்கு 10 மீட்டர், தடையில்லாத வெளியில். நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். இடது கையில் சென்சார், அந்தக் கையை அடியில் வைத்து ஒருக்களித்த தூக்கம், போன் வலப்பக்கத்து மேசையில் என்றால் இரண்டு அடி தூரத்திலேயே சிக்னல் போகலாம். சென்சார் உள்ள பக்கமே போனை வையுங்கள். அதே கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை இறங்காமலே இறங்கியதாகவும் சென்சார் காட்டும். புரண்டு படுத்ததும் கால் மணியில் எண் ஏறிவிட்டால் அது அழுத்தத்தால் வந்த பொய். சந்தேகமென்றால் விரலில் குத்திப் பாருங்கள். உண்மையான லோவுக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துப் பார்க்கும்போதும் விரல்தான் சாட்சி. சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள நீர்மத்தை, அது ரத்தத்துக்குப் பின்னால் சில நிமிடம் தாமதித்தே வரும். ‘இன்னும் ஏறலையே’ என்று மேலும் மேலும் இனிப்பைப் போட்டுவிட்டுக் காலையில் 300-ல் எழுந்திருப்பவர்கள் இதை அறிவார்கள்.

மகள் சிங்கப்பூரில் இருந்து, லிப்ரே எண்ணைத் தூரத்திலிருந்து காட்டும் லிப்ரேலிங்க்அப் ஆப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நிம்மதிக்கும் ஒரு விலக்கு எழுத வேண்டும். அவளுக்குப் போகும் எண் இணையம் வழியாகப் போகிறது. நள்ளிரவில் ரீசார்ஜ் முடிந்த பிறகு லோ ஆனால் அப்பாவின் போன் அலறும், மகளின் போன் அலறாது. அவளுக்கும் அந்த அமைதி இரண்டு பொருள் தரும். டெக்ஸ்காமின் ஃபாலோ ஆப்பில் தகவல் வராவிட்டால் எச்சரிக்கும் விசை உண்டு, இயக்கி வையுங்கள். மற்றவர்கள், கடைசி எண் எத்தனை மணிக்கு வந்தது என்று படுக்கும் முன் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, சோதனை. போனை நம்பலாமா என்று அமைப்புகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒலிக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்க்க முடியாது, ஆனால் ஏற்றம் தினமும் மூன்று வேளை இலவசமாக நடக்கிறது. லிப்ரே 2-ல் மேல் எல்லையை 120 வரை இறக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை அதற்குக் கீழே இருக்கும் ஒரு நாளில், அப்படி இறக்கிவிட்டு, அந்த அலாரத்துக்கும் மௌனத்தைத் தாண்டும் அனுமதி கொடுத்து, போனைச் சைலன்ட்டில் போட்டு, பூட்டி, தூங்கும்போது எங்கே வைப்பீர்களோ அங்கே வையுங்கள். தொடாதீர்கள். தோசை சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் அது கத்த வேண்டும், கதவு சாத்திய பக்கத்து அறையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். கத்தவில்லை என்றால் மேலே சொன்ன அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நாளை மறுபடி. கத்தினால் எல்லையைப் பழையபடி 180-க்கோ மருத்துவர் சொன்ன எண்ணுக்கோ ஏற்றிவிடுங்கள். அதை மறந்தால் மறுநாள் இட்லிக்கெல்லாம் கத்தும், எரிச்சலில் அலாரத்தையே அணைத்துவிடுவீர்கள். மாதம் ஒரு முறை, புதுச் சென்சார் ஒட்டும் நாளில், புது ஹெட்போன் இணைத்த அன்று, பெரிய புதுப்பிப்பு ஏறிய அன்று திரும்பச் செய்யுங்கள்.